கொலைஞன் கதை

"ஹிட்மேன்" என்னும் கணினி விளையாட்டில் கொலையன்றிக் கதை யாதுளது எனப் பலர் வினவுவர். அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று.

டென்மார்க் நாட்டு ஐ.ஓ. இன்டராக்டிவ் நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வரிசையின் தலைவன், ஆய்வுக்கூடத்தில் படைக்கப்பட்டவன். 47 என்னும் எண்ணே அவனுக்குப் பெயர். 2002இல் வெளிவந்த "சைலன்ட் அசாசின்" என்னும் பகுதியில், அவன் கொலைத்தொழிலை விடுத்துச் சிசிலித் தீவின் தேவாலயமொன்றில் தோட்டக்காரனாய் அடங்கி வாழ்கின்றான். ஆங்குள்ள பாதிரியார் விட்டோரியோவைத் தீயோர் கவர்ந்து செல்ல, அவரை மீட்கும் பொருட்டே மீண்டும் படைக்கலம் ஏந்துகின்றான். மீண்ட பாதிரியார், நல்வழியில் வாழுமாறு இரந்து தம் செபமாலையை அளிக்கின்றார். அவனோ அதனைத் தேவாலயக் கதவில் விட்டுப் பழந்தொழிலுக்கே திரும்புகின்றான். நல்லாரைக் காத்தற்குத் தீவினை புரிந்தவன் தான் நல்லனாதல் கூடுமோ என்னும் வினா எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

2016இல் வந்த பகுதியிலோ கதை கரந்துறைகின்றது. பாரிஸ் மாளிகையின் ஆடை அலங்கார விழாவில் ஏவலரும் காவலரும் தம்முள் பேசுவனவற்றை ஒதுங்கி நின்று கேட்பார்க்கே அது புலனாம். விரைந்து சுடுவார்க்குப் புலனாகாது. ஆதலின், கதையில்லை என இகழ்வார் சற்றே பொறுத்துச் செவிசாய்ப்பாராக.