லிசியே நகரத்துத் தெரேசம்மையார்

உலகினின்றும் ஒதுங்கி மடத்து மதிலுக்குள் அடங்கியவர் உலகிற்கு ஆற்றிய பணி யாது என வினவுவோர் நம் கல்லூரியிலும் உளர். பள்ளியும் மருத்துவமனையும் நிறுவிய துறவியரைப் போற்றும் அன்னோர், செபித்தே வாழ்நாளைக் கழித்தாரை மதிப்பதில்லை. தொண்டே சமயத்தின் உயிர் எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வினா எழுதல் இயல்பே. எனினும், பிரான்சு நாட்டு லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் ஒன்பது ஆண்டுகளே வாழ்ந்து மறைந்த தெரேசம்மையாரின் வரலாற்றை அறிந்தபின் அவ்வினாவை அத்துணை எளிதாக எழுப்புதல் இயலாது என்பது எம் கருத்து.

அவர் 1873-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள் அலான்சோன் நகரிற் பிறந்தார். தந்தை கடிகாரத் தொழில் செய்தவர். தாய் லேஸ் பின்னுவதில் வல்லவர். நான்கு வயதில் தாயை இழந்த அச்சிறுமி, பதினைந்து வயதில் மடம் புக விரும்பினார். இளமை காரணமாக இசைவு கிடைக்கவில்லை. 1887-இல் உரோமை நகருக்குச் சென்று, பதின்மூன்றாம் லியோ பாப்பாண்டவரின் முழங்கால்மேற் கைவைத்து மன்றாடினார். காவலர் அவரைத் தூக்கி அகற்றவேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் மடத்துள் நுழைந்தவர் மீண்டு வெளிவரவில்லை. 1897 செப்டம்பர் 30-இல், 24 வயதில், காசநோயால் உயிர்நீத்தார். புறவரலாறு இவ்வளவே.

ரோஜா மலர்களை ஏந்திப் புன்னகைக்கும் சுதையுருவத்தையே பலரும் அறிவர். அவ்வுருவம் எமக்கு உவப்பன்று. உண்மைத் தெரேசம்மையார் அதனினும் வன்மை வாய்ந்தவர். துணி துவைக்குமிடத்தில் எதிரே நின்ற சகோதரி அழுக்குநீரைத் தம் முகத்தில் ஓயாது தெறிக்கவிட்டபோது, விலகாமலும் முகஞ்சுளிக்காமலும் நின்றார். தியான வேளையிற் பின்னிருந்த ஒருவர் எழுப்பிய சிற்றொலி தம்மை வியர்க்கும் அளவிற்கு வருத்தவும், திரும்பிப் பாராமல், அவ்வொலியையே இசையாகக் கொண்டு இறைவனுக்குப் படைத்தார். இவையும் ஒரு பெருமையோ என நகைப்பவர், விடுதியில் அடுத்த அறை மாணவரின் ஓசையை ஒருவார காலம் இவ்வாறு பொறுத்துப் பார்க்கட்டும்!

ஆயினும், எம் உள்ளத்தை மிகுதியுங் கவர்ந்தது அவர்தம் இறுதிப் பதினெட்டுத் திங்களே. 1896-ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் இரவில் முதன்முறை குருதி கக்கினார். அடுத்த உயிர்ப்புக் காலத்தே, ஐயமின்றிக் களித்திருந்த அவ்வுள்ளத்தை இருள் கவ்வியது. விண்ணுலகம் உண்டோ என்னும் எண்ணம் அவரைத் துன்புறுத்தியது. அக்காலப் பிரான்சில் கடவுள் இல்லை என்போர் பலர். அத்தகையோர் உளர் என்பதையே முன்னர் நம்பாதிருந்த அவர், அன்று முதல் அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்தவராகத் தம்மைக் கருதினார், அவர்களைப் பழித்தாரில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் குருதியால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். அவ்விருள் சாகுமட்டும் நீங்கவில்லை. விஞ்ஞானமும் தத்துவமும் கற்று, ஆலயத்தில் வாய் மட்டும் பாட உள்ளம் வறண்டிருக்கும் மாணவர்க்கு இதனினும் நெருங்கிய தோழமை யாங்குளது?

மூத்தோரின் கட்டளைக்கிணங்க அவர் எழுதிவைத்த குறிப்புக்கள் 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்னும் பெயரால் 1898-இல் 2,000 படிகள் அச்சாயின. தமக்கையார் ஆயிரக்கணக்கான இடங்களில் அவற்றைத் திருத்தினார். அன்பினாற் செய்ததே எனினும், திருத்தப்படாத மூலம் 1956-இல் வெளிவரும்வரை உலகம் அம்மையாரின் குரலைத் திரையினூடே கேட்டது என்றே சொல்லவேண்டும். அவ்வாறு கேட்டதே போதுமானதாயிற்று. 1925-இல் புனிதர் பட்டமும், 1927-இல் சவேரியாரோடு ஒப்ப மறைபரப்புப் பணியின் காவலர் என்னும் பெயரும் பெற்றார். முத்துக்குளித்துறைக் கரையில் ஊரூராய் நடந்து உழைத்த சவேரியார் எங்கே, மடத்து வாயிலைக் கடவாத இப்பெண் எங்கே! 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் எனவும் அறிவிக்கப்பட்டார். அவருக்குமுன் அச்சிறப்பை எய்திய பெண்டிர் இருவரே. கல்கத்தாத் தெருக்களில் இறப்போரை ஏந்திய அன்னையார் துறவுப் பெயராகக் கொண்டதும் இவர் பெயரே. தொண்டையும் தியானத்தையும் எதிரெதிரே நிறுத்துவோர் இதனைக் கருதுவாராக. புனிதரிடம் வேண்டுதல் செய்யும் வழக்கமில்லாத சபையிற் பிறந்தோரும் இந்நூலை அஞ்சாது கற்கலாம்.

இனி, வெற்றிக் கணக்கில் அடங்காத ஒருவரையும் குறிப்பிடல்வேண்டும். மோரீசு பெல்லியேர் என்னும் குருமாணவர், தமக்காகச் செபிக்க ஒரு சகோதரி வேண்டுமெனக் கார்மேல் மடத்திற்கு எழுதினார். அவர் பொறுப்பு தெரேசம்மையாருக்கு வாய்த்தது. தம் குற்றங்களை எண்ணி எண்ணிக் கலங்கிய அவ்விளைஞருக்கு, அஞ்சாது இறைவனின் இரக்கத்தை நம்புமாறு நோய்ப்படுக்கையிலிருந்தும் மடல்கள் எழுதினார். அவர் ஆப்பிரிக்கப் பணிக்கெனக் கப்பலேறிய மறுநாள் அம்மையார் இறந்தார். நியாசாலாந்து சென்ற பெல்லியேர் உடலும் மனமும் நலிந்து நாடு திரும்பி, 1907-இல் கான் நகரத்து மனநோய் மருத்துவ இல்லத்தில் மாண்டார். அம்மையாரின் தந்தையும் முன்னர் ஆண்டுக்கணக்காய் வாடியிருந்த இல்லம் அது. அவருக்கு வந்த மடல்கள் அழியவில்லை. இன்றும் பலர் அவற்றைப் படிக்கின்றனர்.