நல்ல பாடத்தைத் தேர்தல்

வலைப்பக்கம் அமைக்கும் கலையைக் கற்க விழைவோர்க்கு இன்று பாடங்களுக்குக் குறைவில்லை. நல்லவற்றைத் தேரும் தெளிவே குறைவு. பெருங்கட்டணம் பெறும் பாடமே சிறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. டிம் பெர்னர்ஸ் லீ என்னும் அறிஞர் உலகளாவிய வலையை உருவாக்கிய செர்ன் ஆய்வகம், 1993ஆம் ஆண்டில் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த வழங்கியது. மொசில்லா நிறுவனம் 2005இல் தொடங்கிய எம்.டி.என். தளத்தில் தொடக்கப் பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாணவர்களே! எப்பாடத்தையும் மூன்று வினாக்களால் ஆராய்க. பக்கத்தின் உறுப்புகளை வகுக்கும் எச்.டி.எம்.எல். மொழியை முன்னும், அவற்றிற்கு ஒப்பனை செய்யும் சி.எஸ்.எஸ். மொழியைப் பின்னும் கற்பிக்கின்றதா? எழுத்தின் நிறத்தை எச்.டி.எம்.எல். மொழியின் ‘ஃபான்ட்’ குறியால் அமைக்கச் சொல்லும் பாடம் வழக்கொழிந்தது, அதனை விலக்குக. கற்றதை உடனே நம் கையால் எழுதிப் பார்க்கச் செய்கின்றதா? கரையில் நின்றே நீந்தக் கற்றார் இலர். பார்வையற்றோர்க்குக் கணினி படித்துக் காட்டும் வண்ணம், படத்திற்கு மாற்றுரை எழுதப் பணிக்கின்றதா? அதனைக் கூறாத பாடம், வீடு கட்டக் கற்பித்து வாயிலை அடைக்கச் சொல்வது போன்றதாம்.

இம்மூன்றும் அமைந்த பாடம் ஒன்றைத் தேர்ந்து, அதனை முற்றக் கற்றலே நன்று. பத்துக் கிணறுகளைப் பாதி தோண்டியவனுக்கு நீர் கிட்டாது.