‘நோபடி கேர்ட்’: அந்த வரியை வாசிச்சிட்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க

லினக்ஸ் போட்ட பழைய கணினிகளில் சிலநேரம் ஒரு வரி வரும்: ‘ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்’. யாரும் கவனிக்கல என்று அர்த்தம். அதுக்குப் பிறகு ஒரு ஃபைலைத் திறக்கவே நிமிஷக்கணக்கில் ஆகும். உடனே “ஹார்ட் டிஸ்க் போச்சு, புதுசு போடுங்க” என்ற பேச்சு வரும். ஒரு லயத்து வீட்டில் அது பல நாள் சம்பளம். டிஸ்க் நல்லாவே இருக்கலாம் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர், வேலை முடிந்ததும் சிபியூவுக்கு ஒரு மணி அடிக்கும். அதுதான் இன்டரப்ட். ஒரே மணியை நாலைந்து சாதனங்கள் பங்குபோடுவதும் உண்டு. மணி அடிக்கும், ஒவ்வொரு டிரைவரும் “இது எனக்கில்ல” என்று சொல்லும். 100,000 தடவையில் 99,900க்கு மேல் இப்படியே போனால் கர்னல் அந்த மணியையே நிறுத்திவிடும். தப்பு வேறொரு சாதனத்தில் இருந்தாலும் டிஸ்க்கும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

முதலில் முக்கியமான ஃபைல்களைப் பிரதி எடுங்கள். ஸ்மார்ட் சோதனையில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். பிறகு ‘/ப்ராக்/இன்டரப்ட்ஸ்’ ஃபைலைச் சில விநாடி இடைவெளியில் இரண்டு தரம் திறங்கள். டிஸ்க்கில் வேலை நடக்கும்போதும் கன்ட்ரோலரின் எண்ணிக்கை அசையவில்லையா? மணி வந்து சேரவில்லை. ‘பிசிஐ=நோஎம்எஸ்ஐ’ என்று கொடுத்து ஒருதரம் பூட் பண்ணிப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே எண்ணிக்கை எகிறுதா? அதே வரியில் பங்காளி யார் என்று பார்த்து, தேவையில்லாத சாதனத்தை பயோஸில் நிறுத்திப் பாருங்கள். ‘ஐஆர்க்யூபோல்’ கொடுத்தால் ஓடலாம், ஆனால் மெதுவாக. அது ஒட்டுப்போடுவது மாதிரிதான்.

இதோடு நிறுத்தக் கூடாது. டிரைவர் எழுதினவரிடம் உங்களுடைய அபூர்வமான போர்டு இருக்காது. உங்களிடம்தான் இருக்கு. ‘எல்எஸ்பிசிஐ -என்என்’ காட்டும் சாதன எண்ணையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த பதிவுகளையும் சேர்த்து அவருக்கு எழுதுங்கள். சொன்னபடி நடக்காத சாதனங்களுக்கென்றே கர்னலில் ‘குவர்க்ஸ்’ என்ற ஃபைல் இருக்கிறது. ஒரு சாதனத்தின் கோளாறு அதில் ஏறிவிட்டால், அதே போர்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் விடிவு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழைய மெஷின்தான் கிடைக்கும் என்ற நிலைமை மாறணும், அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அந்த மெஷின் “யாரும் கவனிக்கல” என்று சொல்லும்போது, முதலில் கவனிக்கிற ஆள் பதுளையிலும் இருக்கலாம்.