கண் மங்கினால் கையைக் கட்டாதீர்கள்!

சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப் பார்வை இழந்தவர்கள் என்னிடமும் வருகிறார்கள். "சித்த மருந்தில் பார்வை திரும்புமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். அடியோடு கெட்டுப்போன விழித்திரையை மீட்டுத் தருவதாக எந்த வைத்தியர் சொன்னாலும் நம்பாதீர்கள். கண் டாக்டரின் சிகிச்சையையும் நிறுத்தாதீர்கள். கூடவே, அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வையுங்கள்.

"பார்வை இல்லாதவருக்குக் கம்ப்யூட்டரா?" என்கிறீர்களா? ஏன் கூடாது? திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றனவே! என்.வி.டி.ஏ. என்பது இலவசம். 2006-ல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனே பார்வையற்றவர்தான். அது தமிழும் படிக்கும்.

மவுஸின் அம்புக்குறியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஆகவே, இவர்களுக்கு எல்லாம் கீ-போர்டுதான். எஃப், ஜே கீகளில் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்தால் மற்ற எழுத்துகளின் இடம் பிடிபடும். மூன்று விரலால் நாடி பார்ப்பவன் சொல்கிறேன்: விரலுக்குப் பழக்கம் வர நாளாகும். வந்துவிட்டால் லேசில் போகாது!

"எதையாவது தப்பா அமுக்கிட்டா?" என்ற பயம்தான் முதல் எதிரி. என்.வி.டி.ஏ.வில் இன்சர்ட்டையும் மேல்வரிசை 1-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு எந்தக் கீயைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் மட்டும் சொல்லும். காரியம் எதுவும் நடக்காது. மறுபடி அதே இரண்டையும் அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மருந்தைப் போல இதற்கும் அளவு உண்டு. நாளுக்கு இரண்டு கீ போதும். முதலில் கன்ட்ரோல், பேச்சை நிறுத்தும். அடுத்து ஆல்ட்டுடன் டேப். திறந்திருக்கும் இன்னொரு வேலைக்குத் தாவும். இணையப் பக்கத்தில் எச் அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விடாமல் பழகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பா தடுமாறும்போது "தள்ளுங்கப்பா, நானே பண்ணித் தர்றேன்" என்று பிடுங்காதீர்கள். பேங்க் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மகனிடம் கேட்பது வேறு. தானே கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு. அந்த மரியாதையை எந்தச் சூரணத்தாலும் தர முடியாது.

பார்வை மங்க ஆரம்பிக்கும்போதே பழகினால் இன்னும் சுலபம். இன்றைக்கே இரண்டு கீ ஆரம்பியுங்களேன்!