சாவியும் சான்றும்

தில்லி கல்காஜியில், பூமிஹீன் முகாம் குடிசைவாசிகளுக்காக அருகிலேயே கட்டப்பட்ட 3,024 அடுக்குமாடி வீடுகளைப் பிரதமர் 2022 நவம்பரில் திறந்துவைத்தார். வரவேற்கத்தக்க திட்டம்தான். ஆனால், 2025 ஜூனில் அந்த முகாம் இடிக்கப்பட்டபோது, தகுதிப் பட்டியலில் இடம்பெறாத குடும்பங்கள் தெருவில் நின்றன.

2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கு வசித்ததை வாக்காளர் பட்டியல் போன்ற ஆவணங்களால் விண்ணப்பதாரர் மெய்ப்பிக்க வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த வீட்டுவேலைக்காரப் பெண்ணும் கட்டடத் தொழிலாளியும் பத்தாண்டுக்கு முந்தைய தாளை எங்கே தேடுவார்கள்? வாக்கு கேட்கப் போகும்போது மட்டும் அந்தக் குடிசைகளின் முகவரி எந்தக் கட்சிக்கும் தெரியாமலில்லை.

நிராகரிப்பின் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை எவர் குடிசையையும் இடிக்கக் கூடாது. இதைச் சட்டமாக்க நாடாளுமன்றம் தயங்குவது ஏன்?