என் பயத்தைக் காட்டிக் காட்டை விற்காதீர்கள்

போன மாதம் லீவுக்கு வெள்ளகோவில் போயிருந்தபோது ஒரு தப்பு செய்தேன். பயந்துவிட்டேன். அதைவிடப் பெரிய தப்பு, வீட்டுக்கு வந்து அதைச் சொன்னது.

நடந்தது இதுதான். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். முத்தூர் ரோட்டுப் பக்கம் இருக்கிற எங்க அப்பாருவின் கொறங்காட்டுக்குத் தனியாக நடந்து போனேன். நாலு ஏக்கர். ஆடு மாடெல்லாம் விற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. உள்ளே பாதி தூரம் போனதும்தான் கவனித்தேன், ஒரு மனுஷச் சத்தமும் இல்லை. கிளுவை வேலிக்குள்ளிருந்து ஒரு மயில் படபடவென்று கிளம்பியது. பாதி உயிர் அங்கேயே போய்விட்டது. திரும்பினால் நாலைந்து நாய்கள் வரிசையாக நின்று என்னையே பார்க்கின்றன. மீதி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். முள்ளுக்குள் ஓடினால் என்ன ஆகுமோ அது ஆச்சு!

ஊசியால் முள்ளை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா ஆரம்பித்தார்.

"பாரு கண்ணு, பொட்டப்புள்ள தனியாப் போய்ட்டு வர முடியாத எடத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? வெறும் முள்ளுக்காடு. பொக்லைன் விட்டு வழிச்சுட்டு சைட் போட்டா நாளைக்கே போயிரும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். என் பயம் அன்று ராத்திரிக்குள் விற்பனைக்கான காரணமாக மாறிவிட்டது. அந்தப் பயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கொறங்காடு என்பது தரிசு அல்ல, புறம்போக்கும் அல்ல. பட்டா உள்ள மேய்ச்சல் நிலம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என்று கரூர் வரைக்கும் இதைப் பார்க்கலாம். அதில் மூன்று உறுப்பினர்கள் உண்டு. கீழே கொழுக்கட்டைப் புல். மேலே வெள்ளவேலா மரம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதுவும் ஒழுங்காக வராது. ஆடி மாதம் காற்று ஆளைத் தூக்கும். இந்த மண்ணுக்கு ஏற்ற ஏற்பாடு இதுதான் என்று எந்தக் கல்லூரியிலும் படிக்காத நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்தார்கள்.

கிளுவையின் கொம்பை வெட்டி ஊன்றினால் போதும், வேர்விடும். வருடத்தில் பாதி நாள் இலையில்லாமல் செத்த குச்சி மாதிரி நிற்கும். ஒரு மழை பெய்யட்டும், பச்சை பிடித்துவிடும். வெள்ளவேலாவின் வேர் ஆழம் போகும், இலையோ பொடிப்பொடி, அதனால் ஈரம் வீணாகாது. நிழலும் அடர்த்தி இல்லை என்பதால் அடியிலேயே புல் வளரும். கோடையில் புல் காய்ந்து கிடக்கும் சமயத்தில் காயை உதிர்த்து ஆட்டுக்குத் தீனி போடும். அந்த விதை ஆட்டுப் புழுக்கையோடு வெளியே வந்து அடுத்த மரமாகும். நாம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. (பட்டைச் சாராயத்துக்குப் பட்டை கொடுத்ததும் இதே மரம்தான். அந்தப் பாவத்துக்கு மரம் பொறுப்பல்ல!)

இவ்வளவு செய்கிற மரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்: முள்ளு.

சீமைக்கருவேலம் வேறு, இது வேறு என்றுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. அதே வருடம் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. பெரியப்பா அந்த உத்தரவைத்தான் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்! சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்தது. அதன் பூ நீளக் கதிராக இருக்கும். வெள்ளவேலா பூ குட்டிக் குட்டி உருண்டை, பட்டை வெளிறியிருக்கும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். பொக்லைன் பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

அதே 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது எங்கள் ஊரிலும் எல்லார் செல்போனிலும் காங்கேயம் காளை படம்தான். நம்ம இனம், நம்ம பெருமை என்று பெரியப்பாவே பெருமையாகச் சொன்னார். அந்தக் காளை எங்கே மேயும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது படத்தில் மேயாது சாமி, கொறங்காட்டில்தான் மேயும். காட்டை விற்றுவிட்டுக் காளையைக் காப்பாற்றுவோம் என்பது, அடுப்பை விற்றுவிட்டு விருந்துக்குக் கூப்பிடுகிற கதை.

சரி, பயத்துக்கு வருவோம். நான் பயந்தது பொய் இல்லை. நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்று, காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுப் போராடியது எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி. அம்மா அன்றைக்குத் தலையாட்டியது சைட் விலைக்காக இல்லை, இதற்காக. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இதில் எதை மரம் செய்தது? எதை முள் செய்தது?

அப்பாரு காலத்தில் அந்தக் காட்டில் பயமில்லை. பாம்பு அப்போதும் இருந்தது, முள்ளும் இருந்தது. கூடவே ஆள் இருந்தது. ஆடு ஓட்டுகிறவர், படல் கட்டுகிறவர், கிளுவை வெட்டுகிறவர் என்று கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் யாராவது இருந்தார்கள். இன்றைக்கு எல்லாரும் தறிக்கும் மில்லுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டோம். காட்டைக் காலி செய்தது நாம். அப்புறம் காலியாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று அதை விற்பதும் நாம். நாம் விற்றால் பக்கத்துக் காடு இன்னும் தனியாகும். அங்கே இருப்பவர்களும் பயப்படுவார்கள். அவர்களும் விற்பார்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். மலை ஆபத்து, வழித்துவிட்டு சைட் போடலாம் என்று யாராவது சொன்னார்களா? தடை போட்டார்கள், விதிமுறை கொண்டுவந்தார்கள். 2024 அக்டோபரில் அரசே 40 மலைப்பாதைகளை, வழிகாட்டி கூட வருகிற மாதிரி, 'ட்ரெக் தமிழ்நாடு' என்று திறந்தது. மலையில் பயம் என்றால் துணைக்கு ஆள். கொறங்காட்டில் பயம் என்றால் பொக்லைன். இது என்ன நியாயம்?

பெரியப்பா பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தறிக்கு வாங்கிய கடன் இருக்கிறது. ஆடு மேய்க்க ஆள் கிடைப்பதில்லை. கொறங்காடு வருமானம் வட்டிக்குக் காணாது. உண்மைதான். அப்படியானால் கடனுக்காக விற்கிறோம் என்று நேராகச் சொல்லுங்கள், உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். மேய்ச்சல் குத்தகைக்கு விடுவது நம் பக்கத்தில் புதுசா என்ன? என் காலில் ஏறிய முள்ளைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிவிட்டேன். "படிக்க அனுப்புனா பேசக் கத்துக்கிட்டு வந்திருக்குது" என்றார் பெரியப்பா. ஆனாலும் பக்கத்து ஊரில் நாற்பது செம்மறி வைத்திருக்கும் ஒருவர் குத்தகை பேச வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார். பேசிப் பார்க்கலாம் என்ற அளவுக்குப் பெரியப்பா இறங்கி வந்திருக்கிறார். முடிவு தெரியாது.

ஞாயிறு காலையில் அவரோடு நானும் காட்டுக்குப் போகிறேன். வேலியில் எங்கெங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டும், நாய் அதன் வழியாகத்தான் வருகிறது. அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் எண்ணாமல் விட்ட வெள்ளவேலா மரங்களையும் எண்ண வேண்டும். கூட வருகிறவர்கள் வரலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.