ஹாம்ஸ்டருக்குத் துணை வேண்டாம்!



"தனியா இருக்கே, பாவம்! இன்னொண்ணு வாங்கி விடுங்கப்பா..."

ஹாம்ஸ்டர் வளர்க்கும் வீடுகளில் பிள்ளைகள் இப்படிக் கெஞ்சுவது உண்டு. கேட்பதற்கு எவ்வளவு இரக்கமாக இருக்கிறது! ஆனால், அந்த இரக்கமே ஹாம்ஸ்டரின் உயிருக்கு உலை வைத்துவிடும் என்று சொன்னால் நம்புவீர்களா?

எங்கள் கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. 2013ல் அரசு அறிவித்தது. பரப்பளவு சுமார் 288 ஹெக்டேர். அங்கே மான்கள் கூட்டமாகத் திரியும். ஒரு மான் ஆபத்தைக் கண்டு குரல் கொடுத்தால், மற்றவை எல்லாம் உஷாராகி ஓடிவிடும். மானுக்குக் கூட்டம்தான் காவல். எனவே தனியாக நிற்கும் மானைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்றால் அதில் நியாயம் உண்டு.

ஹாம்ஸ்டர் கதையே வேறு!

பலரும் வளர்க்கும் பெரிய வகைக்கு, 'சிரியன் ஹாம்ஸ்டர்' என்று பெயர். சிரியா நாட்டின் அலெப்போ நகரப் பகுதிதான் அதன் சொந்த ஊர். 1930ல், இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர், அங்கே ஒரு வயலைத் தோண்டி, ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார். இன்று உலகம் முழுவதும் கூண்டுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள். ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

அந்த வறண்ட பூமியில் உணவு குறைவு. ஒவ்வொரு ஹாம்ஸ்டரும் தனக்கென்று ஒரு வளை தோண்டி, கன்னப் பைகளில் தானியத்தை அடைத்துக்கொண்டு வந்து சேர்த்து வைக்கும். பக்கத்தில் இன்னொரு ஹாம்ஸ்டர் வந்தால், அது நண்பன் அல்ல. தானியம் திருட வந்த எதிரி! இனப்பெருக்கத்துக்காகச் சிறிது நேரம் சந்திப்பதைத் தவிர, வாழ்நாள் முழுவதும் தனிக்குடித்தனம்தான். தனிமை அதற்குத் தண்டனை இல்லை, நிம்மதி.

வயலில் இரண்டு ஹாம்ஸ்டர் சண்டை போட்டால், தோற்றது ஓடித் தப்பிவிடும். கூண்டுக்குள் ஓட இடம் ஏது? அதனால்தான் கூண்டுச் சண்டை காயத்தில் தொடங்கி, சில நேரம் சாவில் முடிகிறது. அதுவும் ஹாம்ஸ்டர் இரவில் விழித்திருக்கும் பிராணி. நீங்கள் தூங்கும்போதுதான் சண்டை நடக்கும், காலையில்தான் பார்ப்பீர்கள்.

"ஐயா, ரெண்டும் ஒரே தாய்க் குட்டிகள். ஒண்ணா வளர்ந்ததுதானே?" என்று கேட்பீர்கள். குட்டியாக இருக்கும் வரை சரி. இரண்டு மாத வயதுக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு கொடுத்துவிட வேண்டும். ஆணும் பெண்ணும் என்றால், ஒரு மாதத்திலேயே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விரைவிலேயே ஒரு பட்டாளம் வந்துவிடும். சிரியன் ஹாம்ஸ்டரின் கர்ப்பக் காலம் சுமார் 16 நாட்கள்தான்!

வகுப்பில் 'காய்' விட்ட இரண்டு பேரை, ஆசிரியர் பேசிப் பேசி 'பழம்' விட வைத்துவிடலாம். ஹாம்ஸ்டரிடம் அது நடக்காது. குள்ள வகை ஹாம்ஸ்டர்களில் சில சேர்ந்து இருக்கும் என்பது உண்மை. ஆனால், அவையும் திடீரென்று சண்டை பிடிக்கலாம். என்னைக் கேட்டால், ஒரு கூண்டுக்கு ஒன்றுதான்.

சரி, வீட்டில் பூனையோ, நாயோ இருந்தால்?

செல்போனில் பூனையும் ஹாம்ஸ்டரும் கொஞ்சி விளையாடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். படம் எடுத்த அந்த ஒரு நிமிடத்துக்கு அடுத்த நிமிடம் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? 'பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பூனை பிடித்துவிட்டால் அது பூனையின் குற்றமும் இல்லை. அதன் இயல்பு அது. கதவைத் திறந்து வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பூனை தொடவே இல்லை, கூண்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்றாலும் ஆபத்துதான். ஹாம்ஸ்டருக்குக் கண் பார்வை மந்தம். மோப்பமும் காதும் கூர்மை. பூனையின் வாடையை முகர்ந்து முகர்ந்து, நாள் முழுவதும் பயந்தே கிடக்கும்.

ஏற்கனவே ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்கள் இவற்றைச் செய்யுங்கள்:

* பூனை, நாய் வராத அறையில், கதவைச் சாத்தி வையுங்கள். கூண்டு ஆடாத மேஜை மேல் இருக்கட்டும். கதவுக்குக் கொண்டி போடுங்கள்.

* கம்பி இடைவெளி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பூனையின் கால் மட்டும் அல்ல, நம் ஊர் வீடுகளில் எலியும் பாம்பும் கூட நுழையலாம்.

* முயல், கினி பிக், வெள்ளை எலி எதையும் ஹாம்ஸ்டரோடு ஒரே கூண்டில் விடாதீர்கள்.

* பகலில் தூங்குவதைத் தட்டி எழுப்பாதீர்கள். பல்லைக் காட்டி, மல்லாந்து படுத்தால், 'பயமாக இருக்கிறது, தொடாதே' என்று அர்த்தம். அப்போது கை நீட்டினால் கடிக்கும்.

* குட்டி போட்ட தாயைத் தொந்தரவு செய்யாதீர்கள். மிரண்டால் தன் குட்டிகளையே கொன்றுவிடும்.

* நம் ஊர் கோடை வெயில் அதற்கு ஆகாது. நிழலும் காற்றோட்டமும் அவசியம்.

* உங்களைக் கடித்துவிட்டால், சோப்புப் போட்டு, ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, பெரியவர்களிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். மறைக்காதீர்கள்.

* பூனை கீறியது சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். பூனையின் பல்லிலும் நகத்திலும் உள்ள கிருமியே ஹாம்ஸ்டரைக் கொன்றுவிடும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நெல்லைப் பிள்ளைகளுக்கு, இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர், 'ஜோடியாக எடுத்துக்கோ' என்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள். 2018ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, செல்லப் பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பூனை இருக்கிறது, தனி அறை இல்லை என்றால், ஹாம்ஸ்டர் வாங்கவே வேண்டாம். ஆசையை அடக்கிக்கொள்வதும் அந்த உயிருக்குச் செய்யும் உதவிதான். வளர்க்க முடியவில்லை என்று காட்டிலோ, சரணாலயப் புதரிலோ கொண்டு போய் விடுவதும் கூடாது. கூண்டில் பிறந்து வளர்ந்த அது, பாம்புக்கோ பருந்துக்கோ இரையாகிவிடும். வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

நமக்குக் கூட்டம் பிடிக்கும். கபடி ஆட ஆள் வேண்டும், கதை பேச நண்பன் வேண்டும். அதற்காக எல்லா உயிருக்கும் அதுவே பிடிக்க வேண்டும் என்று நினைக்கலாமா? ஒரு உயிருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, பிறகு அதன் மேல் அன்பு காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரே கூண்டில் இரண்டு ஹாம்ஸ்டர் இருக்கிறதா? இன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லி, இன்னொரு கூண்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். செய்வீர்கள்தானே?